நாலு பக்கமும் ஒரு கார்டும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு மூட்டுவலி என்பது போல எனக்கு இது. இத்தனை வயதுக்குப் பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? யார் புதுப் புடவை கட்டினாலும், யார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அதிகம் ஊறினாலும் கொஞ்சம் வயிறு எரியும், பிறகு ஆறிவிடும். ஆறாமலே நின்றது ஒரே ஒருத்தி விஷயத்தில்தான். அவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. வீட்டில் என்னைப் பெரியவள் என்பார்கள், அவளைச் சின்னவள் என்பார்கள். பெயரெல்லாம் எதற்கு, இந்தக் கதைக்கு இது போதும்.

அவளுடைய அழகையோ நகையையோ பார்த்து நான் பொறாமைப்படவில்லை. அந்த இரண்டிலும் நான்தான் ஒரு படி மேல். அவள் கடிதம் எழுதினால் பதில் வந்தது. நான் எழுதினால் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் இருந்தது திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஒரு கிராமம். கிணற்றுத் தண்ணீரில் கத்தரியும் மல்லிகையும் போட்ட குடும்பம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே மருமகளாகப் போனபோது, கடிதம் எழுதத் தெரிந்த பெண் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான். டவுனில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். என் கையெழுத்தைப் பார்த்து எங்கள் டீச்சர், அச்சில் வார்த்தது போல இருக்கிறது என்று வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டியிருக்கிறார். 'ழ' எழுதினால் அதன் வாலை வலப்பக்கம் இழுத்து, மல்லிகைக் கொடி மாதிரி ஒரு சுருள் விடுவேன். அப்படி எழுதுகிறவர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம், துக்க வீட்டுக்கு ஆறுதல், பட்டாளத்தில் இருக்கும் மகனுக்குத் தாயின் புலம்பல், எல்லாம் என்னிடம்தான் வரும். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவேன். கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். என் மாமியார் எங்கள் வீட்டு மூத்த மருமகள் எழுதினாள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தச் சுகத்தில் நான் இரண்டு வருஷம் ராணியாக இருந்தேன்.

பிறகு எனக்குப் பெண் பிறந்தாள். இடது பாதம் உள்பக்கமாக மடங்கிப் பிறந்தாள்.

குழந்தையைப் பார்த்த எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. கிரகணத்தன்று எதையாவது நறுக்கினாயா? நறுக்கவில்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தில் அரிவாள்மனையைத் தொட்டால் பிள்ளைக்கு அங்கம் கோணும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றைக்கு நான் வெந்நீர்கூடப் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது எனக்குத் தெரியும். ஆனால் எத்தனை பேரிடம் சொல்வது? கடைசியில் குழந்தையின் காலை மூடிவிட்டோம். நீளப் பாவாடை, வெயில் காலத்திலும் காலில் துணி. எண்ணெய் போட்டு உருவுகிறவர் கொல்லை வழியாக வந்து போவார். குழந்தை கத்துகிற கத்தலுக்கு வயிற்றுவலி என்று பேர் வைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம் என்றால் அது எங்களுக்குத்தான் பொருந்தும்.

குழந்தைக்கு மூன்று வயது நெருங்கும்போது சின்னவள் வந்து சேர்ந்தாள். ஒட்டன்சத்திரத்துக்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே காய்கறி மண்டி. பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' இருக்கும். அவளும் எஸ்.எஸ்.எல்.சி. என்பது எனக்கு முதல் இடி. என்னைவிட மார்க் அதிகம் என்பது இரண்டாவது இடி. அதை அவள் சொல்லவில்லை, மாமியார்தான் இலை போடும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம் போதாதென்று, என் மகள் அவளிடம் ஒட்டிக்கொண்டாள். நான் மூடி வைத்த காலை அவள் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாக எண்ணி விளையாடுவாள். "பாப்பாவோட இந்தக் காலு மட்டும் வெக்கப்பட்டுத் திரும்பிக்கிச்சுங்க" என்பாள். குழந்தை சிரிக்கும். பெற்றவள் நான் அடுப்படியில் நின்று வெந்துகொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகையில் என் கணவர் ஒரு கட்டுரையைப் பார்த்தார். மதராஸில் ஒரு டாக்டர், கோணிய கால்களோடு பிறந்த பிள்ளைகளுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் போட்டே நேராக்குகிறாராம். சின்ன வயதிலேயே கொண்டுவர வேண்டும், வயது ஏற ஏற எலும்பு இறுகிவிடும் என்றும் போட்டிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டருக்கு ஒரு கடிதம் எழுது, உன்னைவிட யார் எழுதிவிட முடியும் என்றார். முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதர். அவர் மனது இரங்க வேண்டும். அவர் மனது இரங்கினால் என் மகள் நடப்பாள். நான் குளித்து, சாமி கும்பிட்டு உட்கார்ந்தேன்.

மாமியார் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நிபந்தனை போட்டார். பெண் குழந்தை என்று எழுதக் கூடாது. கால் என்று எழுதக் கூடாது. பிறவியிலேயே என்று எழுதவே கூடாது.

"நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் பாக்க வேணாமாத்தா? எழுத்துல போனது எங்க போயி நிக்கும்னு யாரு கண்டா?" என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். பிறவியிலேயே என்று எழுதினால் கிரகணம் என்று எழுதியதற்குச் சமம். என்மேல் விழுந்த பழியை நானே மையில் தொட்டு எழுதிக் கொடுப்பேனா?

நாலு பக்கம் எழுதினேன். உச்சியில் பிள்ளையார் சுழி. மகாராஜராஜஸ்ரீ டாக்டர் அய்யா அவர்கள் சமூகத்துக்கு. இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்கு எழுதி அனுப்பவும். முதல் பக்கம் அவர் புகழ். இரண்டாம் பக்கமும் அவர் புகழ்தான், ஆனால் உவமைகளோடு. மூன்றாம் பக்கத்தில் எங்கள் குடும்பத்தின் மானம் மரியாதை. நாலாம் பக்கத்தின் அடியில், எங்கள் இல்லத்து இளந்தளிருக்குச் சற்று அசௌகரியம் என்றும், விவரம் தாங்கள் அறியாததல்ல என்றும் முடித்தேன். மேலே இடம் திண்டுக்கல் என்று மட்டும் போட்டேன். முழு விலாசம் வழக்கம் போல உறையின் முதுகில்.

படித்துக் காட்டினேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கணவர் அந்த உவமையை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். சின்னவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நல்லா இருக்குதுங்க. பாப்பாவுக்கு என்னன்னு எங்கீங்க வருது?"

எனக்குச் சுருக்கென்றது. பெரியவர்களுக்கு எழுதும்போது குறிப்பால் உணர்த்துவதுதான் அழகு, இதெல்லாம் மண்டிக் கணக்கு இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டுக் குழந்தையின் விரலை எண்ண ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடிதம் போயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். யார் யாருக்கோ வந்தது. எங்களுக்கு வந்ததெல்லாம் சின்னவளின் அப்பா அவளுக்கு எழுதும் கார்டுகள். ஒட்டன்சத்திரத்து மனிதர் மகளுக்கு எழுதுவதும் மண்டிக்கு எழுதுவதும் ஒரே மாதிரி இருக்கும். பசு கன்று போட்டது. உன் அம்மாவுக்குப் பல்வலி தேவலை. ஞாயிறு வருகிறேன். அவ்வளவுதான் கார்டு. அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பாவின் மண்டிக் கார்டுகளை எழுதிப் பழகியவளாம். வெங்காயம் வந்தது, ஈரமாக இருக்கிறது, அடுத்த தடவை காயவைத்து அனுப்பவும், எந்தக் கிழமை அனுப்புவீர்கள், இப்படி. இதற்கு ஒரு பேனா வேறு கேடா என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் அவளுக்குக் கார்டு வந்தது, எனக்கு வரவில்லை. மல்லிகை ஒரு பருவம் பூத்து ஓய்ந்தது. பதில் இல்லை.

மதராஸ்காரர்களுக்கு ஈரம் கிடையாது என்று முடிவு கட்டினேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். எண்ணெய் உருவுகிறவர் மறுபடியும் கொல்லை வழியாக வர ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் கோயிலிலிருந்து வந்த வேகத்தில் சின்னவளைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. எங்கள் ஊரில் தபாலாபீஸ் என்பது பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டின் முன்னறை. அவர்தான் முத்திரை குத்திப் பையில் போடுகிறவர். அவர் கோயிலில் வைத்து எல்லார் முன்னாலும், பேத்தி காலுக்கு மதராஸ் டாக்டர் பதில் போட்டாரா என்று கேட்டுவிட்டார். சின்னவள் யாரிடமும் சொல்லாமல் டாக்டருக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அதுவும் கார்டில். திறந்த கார்டில்.

வாத்தியாருக்கு அது மனப்பாடம். அவர் சொல்லித்தான் எனக்கும் தெரியும். ஐயா, என் ஓரகத்தியின் பெண் குழந்தைக்கு மூன்று வயது ஆகிறது. பிறந்ததிலிருந்தே இடது பாதம் உள்பக்கம் மடங்கியிருக்கிறது. பாதத்தின் வெளி ஓரத்தில் நிற்கிறாள், சிறிது தூரம் நடந்தால் விழுகிறாள். வலது கால் நன்றாக இருக்கிறது. எண்ணெய் போட்டு உருவியதில் பலன் இல்லை. தங்களால் சரி செய்ய முடியுமா? முடியுமானால் எந்தக் கிழமை கொண்டுவர வேண்டும்? பதிலுக்கு என் பெயரும் விலாசமும் எழுதிய கார்டு இதோடு ஒட்டியிருக்கிறது. இப்படிக்கு, குழந்தையின் சித்தி. கீழே கதவு நம்பர் வரைக்கும் விலாசம்.

மாமியார் அன்றைக்கு அவளை ஏசியது எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. குடும்ப மானத்தைக் கார்டில் ஏற்றி ஊர்வலம் விட்டாயே என்றார். உன் அப்பன் மண்டியில் அழுகல் காயைக் கூவி விற்கிற மாதிரி எங்கள் பிள்ளையை விற்றாயே என்றார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சின்னவள் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்.

"வைத்தியங்கிட்டயே மறைச்சா அப்புறம் யாருகிட்டீங்க அத்தை சொல்றது?"

எனக்குக் கோபம் இருந்தது, என் மகளின் காலைத் தெருவில் போட்டுவிட்டாளே என்று. ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவள் ஏச்சு வாங்குவதைப் பார்க்க உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. இந்த வீட்டில் இனி யாரும் அவளைக் கடிதம் எழுதச் சொல்ல மாட்டார்கள். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

அந்தச் சந்தோஷம் அடுத்த வாரம் வரைக்கும்தான். பதில் வந்துவிட்டது.

அவள் இணைத்து அனுப்பிய அதே கார்டில், அவள் பெயருக்கு. சரி செய்ய வாய்ப்பு நிறைய இருக்கிறது, இனியும் தாமதிக்க வேண்டாம், உருவுவதை உடனே நிறுத்தவும், அடுத்த மாதம் முதல் திங்கள்கிழமை காலை கொண்டுவரவும். கடைசியில் ஒரு வரி. கடிதம் எழுதியவரையும் உடன் அழைத்து வரவும்.

மாமியார் கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கணவர் கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். ஆனால் அந்தக் கடைசி வரி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பெற்றவள் நான் இருக்க, எழுதியவளை வரச் சொல்கிறார். என் மகளுக்கு வந்த வாழ்வு அவள் கையால்தான் வர வேண்டுமா? சாமிக்கு வேறு கை கிடைக்கவில்லையா?

ரயிலில் நாலு பேரும் போனோம். மதராஸ் போய்ச் சேரும்வரை குழந்தை அவள் மடியில்தான் தூங்கியது.

டாக்டர் நான் உவமை சொன்ன மாதிரி எல்லாம் இல்லை. குள்ளமாக, வழுக்கைத் தலையோடு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குழந்தையின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னவள் வாங்கிக் கொடுத்திருந்த கிலுகிலுப்பையைக் குழந்தை அவர் மண்டையில் அடித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. பிறவியிலேயே இப்படித்தானே என்று என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, கிரகணத்தன்று நான் ஒன்றும் நறுக்கவில்லை என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் காலைப் பார்த்தார். மூன்று வருஷமாக ஒருவரும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு மனுஷர் சொன்னார். நாலு பக்கத்தில் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் வந்திருக்குமோ என்னவோ.

என் கணவரைச் சீட்டு வாங்க வெளியே அனுப்பியிருந்தார்கள். அறையில் நாங்கள் இரண்டு பெண்களும் குழந்தையும் மட்டும். டாக்டர் சின்னவளைப் பார்த்து, கார்டு எழுதியது நீங்கள்தானே, மாவுக்கட்டுப் போட்டு ஊருக்கு அனுப்பினால் நடுவில் எப்படி இருக்கிறது என்று இதே மாதிரி எழுதிப் போட ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் வரச் சொன்னேன் என்றார். சின்னவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு முகம் எப்படி இருந்தது என்று தெரியாது, நல்ல வேளை அங்கே கண்ணாடி இல்லை.

பிறகு அவர் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளேயிருந்து காகிதம் எடுத்தார். மேலே வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வலப்பக்கம் சுருண்ட என் 'ழ'.

"நீங்க திண்டுக்கல் பக்கம்தானே? உங்களுக்கு முன்னாடி அங்கேயிருந்து ஒரு அம்மா இதை எழுதியிருக்காங்க. நாலு பக்கம். இவ்விடம் யாவரும் க்ஷேமம்னு ஆரம்பிக்குது. எல்லாரும் க்ஷேமம்னா எனக்கு எதுக்கு எழுதணும்? விவரம் தாங்கள் அறியாததல்லன்னு முடியுது. எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்.

"உறையை ஆபீஸ்ல கிழிச்சுப் போட்டுட்டாங்க. உள்ளே விலாசம் இல்லை. ஏதோ ஒரு குழந்தை, அதுக்கு ஏதோ ஒண்ணு. இந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா அந்தக் குழந்தையையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அந்தக் குழந்தை அவர் கையிலேயே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சின்னவள் என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அப்பேர்ப்பட்ட சந்தர்ப்பத்தை நான் விட்டிருக்கவே மாட்டேன்.

"ஊருக்குப் போயி விசாரிக்கறோமுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அங்கேயும் சொல்லவில்லை, ரயிலிலும் சொல்லவில்லை, ஊருக்கு வந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஒருவர் எல்லாவற்றிலுமா நன்றாக இருக்க வேண்டும்?

மாவுக்கட்டு, அதைப் பிரித்து இன்னொரு மாவுக்கட்டு, நடுவில் ஒரு சின்ன ஆபரேஷன், பிறகு கயிறு கட்டுகிற பூட்ஸ். மாதம் ஒரு கார்டு சின்னவள் எழுதினாள். வீக்கம் இல்லை. கட்டை விரல் அசைக்கிறாள். கட்டு நனைந்துவிட்டது, மாற்ற வரலாமா? மாதம் ஒரு பதில் வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலே ஆகி, என் மகள் இரண்டு பாதத்தையும் தட்டையாக ஊன்றி, கத்தரிப் பாத்தி வரப்பில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு விழாமல் நடந்தாள். நான் வாய்க்காலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. அடுத்த நாள் வந்துவிட்டது.

எப்படி வராமல் இருக்கும்? வாத்தியார் வாயால் ஊரெல்லாம் பரவிய அந்தக் கார்டு இப்போது எங்கள் வீட்டுக்கு ஆள் கொண்டுவர ஆரம்பித்தது. சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்கிவிட்டு வந்தவர்கள், தறி வேலைக்காரர்கள், யார் யாரோ, இடுப்பில் ஒரு பிள்ளையோடு வாசலில் நிற்பார்கள். கார்டு எழுதுகிற அம்மா வீடு இதுதானா என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு நான்தான் பதில். மானம் போச்சு என்று ஏசிய மாமியார் இப்போது, எங்கள் சின்ன மருமகள்தான் என்று சொல்லிக்கொண்டு அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைப்பார். மோர் கலக்குகிறவள் நான்.

அறுபது பிறந்த பிறகு சின்னவள் தலைப்பிரசவத்துக்கு ஒட்டன்சத்திரம் போனாள். அவள் இல்லாத நேரத்தில் ஒரு நாள் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். மானாவாரிக்காரர்கள். அந்த வருஷம் அங்கே மழையில்லை. துணியில் சுற்றிய கைக்குழந்தை. அம்மா இல்லையா என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். போய்விட்டுப் பிறகு வருகிறோம் என்றார்கள்.

"ஏன், நான் எழுதுனா ஆகாதா? உக்காருத்தா" என்றேன்.

கார்டை எடுத்தேன். கை தன்னால் பிள்ளையார் சுழி போட்டது. தன்னால் இவ்விடம் என்று தொடங்கியது. அந்தக் கார்டைக் கிழித்தேன். குழந்தைக்கு என்ன என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். பிள்ளைக்குச் செத்த சுகமில்லை என்றாள். என்ன சுகமில்லை என்றேன். புருஷனைப் பார்த்தாள். அவன் முற்றத்தைப் பார்த்தான். துணியை விலக்கு என்றேன். விலக்க மாட்டேன் என்றாள். அந்தக் கையை, துணியை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கையை எனக்குத் தெரியும். அது என் கைதான்.

நான் என் மகளைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். பாவாடையை முழங்காலுக்கு ஏற்றி, ஊர் பேர் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் அவள் இடது காலைக் காட்டினேன். ஆபரேஷன் தழும்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"பொறக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு. கெரகணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அழுத பிள்ளைதான்த்தா பால் குடிக்கும். எந்தக் காலுன்னு சொல்லு."

இரண்டு கால்களும்தான் என்றாள். எழுதினேன். ஆண் குழந்தை, வயது, இரண்டு பாதங்களும் உள்பக்கம், இதுவரை வைத்தியம் எதுவும் செய்யவில்லை, எந்தக் கிழமை கொண்டுவரலாம், விலாசம். அழுத பிள்ளை என்ற பழமொழியையும் கடைசியில் சேர்க்கலாமா என்று கை துடித்தது. சேர்க்கவில்லை. படித்துக் காட்டினேன். அவர்கள் அழவில்லை, மூக்கைச் சிந்தவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார்கள். அந்த ஏமாற்றத்தை நான் விழுங்கிக்கொண்டேன்.

பதில் வந்தது. எங்கள் விலாசத்துக்கு, என் பெயருக்கு. தபால்காரரின் கையிலிருந்து நானே வாங்கினேன். குழந்தையை வரும் மாதம் கொண்டுவரவும், கைக்குழந்தையாக இருக்கும்போதே எழுதியது நல்லது என்று இருந்தது. அதற்குக் கீழே, வேறு மையில், டாக்டரே தன் கையால் எழுதிய மூன்று வரி.

தங்கள் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன். நாலு பக்கக் கடிதம் எழுதிய அம்மா தாங்கள்தானே? அந்தக் குழந்தைக்கு என்ன என்று இப்போதாவது எழுதவும், காத்திருக்கிறேன்.

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அத்தனை வருஷமாக மேஜை டிராயரில் அந்த நாலு பக்கத்தை வைத்துக்கொண்டு, தான் பார்க்கவே இல்லை என்று நினைத்த ஒரு குழந்தையைப் பற்றி ஒருவர் விசாரப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சின்னவளின் கார்டுக்குப் பதில் வந்தது. என் கடிதத்துக்கு ஒருவர் காத்திருந்தார். இரண்டில் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

புதுக் கார்டு எடுத்தேன். ஐயா, என் பெண் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே இடது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. தாங்கள் நேராக்கிய கால்தான் அது. அன்றைக்குத் தங்கள் அறையில் எதிரில் நின்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது அவள் ஓடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள்.

கார்டில் இன்னும் இடம் இருந்தது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் எழுதிய அந்தக் கார்டை நான் சின்னவளுக்குக் காட்டவில்லை. இன்று வரைக்கும் காட்டவில்லை. ஒன்றாவது எனக்கே எனக்கென்று இருந்துவிட்டுப் போகட்டும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பி வருவதற்குள், என் பதிலை நானே வாத்தியார் வீட்டுக்கு எடுத்துப் போய், அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் நின்றிருந்து, முத்திரை குத்தியதைப் பார்த்துவிட்டு வந்தேன்.